பதில்: 850சிசி ஆனா செப்பாங் போறது வேஸ்ட்டா?

ப்ரோ, 2027ல மோட்டோஜிபி பைக் ரேஸ்ல இன்ஜின் சைஸ் 1000சிசில இருந்து 850க்கு எறங்குது, பைக் மெதுவாயிடும், அதுக்கு மலேசியாவுல இருக்குற செப்பாங் ட்ராக் வரைக்கும் போகணுமான்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா போங்க. 2007ல 990ஐ 800 ஆக்குனப்பவும் இதே பயம்தான், பவர் கொறஞ்சது உண்மை, ஆனா ரைடருங்க லேட்டா பிரேக் புடிச்சு வளைவுக்குள்ள இன்னும் வேகமா போனாங்க, பல ட்ராக்ல லேப் டைம் கொறஞ்சே போச்சு. எனக்கு அப்ப வருத்தம் வேற, எல்லாரும் ஒரே லைன்லயே போனதால முந்துறதுதான் கஷ்டமாச்சு. இந்த தடவ ரைடு ஹைட் டிவைஸையும் (ஓடும்போதே பைக்கோட உயரத்த எறக்குற கருவி) தடை பண்றாங்க, ஏரோவையும் (காத்த வச்சு பைக்க கீழ அழுத்துற றெக்கைங்க) கொறைக்கிறாங்க, அதனால முந்துறது சுலபமாகும்னு எனக்கு நம்பிக்கை. கடைசி ஹேர்பின்ல பிரேக் புடிக்கிறது தெரியிற மாதிரி டிக்கெட் எடுங்க, சிங்கப்பூர்ல இருந்து துவாஸ் செக்பாயிண்ட் வழியா விடியறதுக்குள்ள கெளம்பிடுங்க.