ஒன்றுக்கு இருநூறு - கடிதம்

வணக்கம்.

தூத்துக்குடியில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். தோணி மாதிரிகள் செய்து விற்ற பழக்கம் உண்டு. இப்போது ஒரு கப்பல் நிறுவனம் தங்கள் பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்) ஒன்றை அலுவலக வரவேற்பறைக்கு மாதிரியாகச் செய்து தரச் சொல்கிறது. நீளம் 190 மீட்டர், அகலம் 32.26 மீட்டர், ஐந்து ஹோல்டு (சரக்கு அறை), நான்கு கிரேன். வைக்கப்போகும் மேசை நாலடி. தேக்கில் செய்யலாமா? எந்த அளவில்? வேறென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

கே., தூத்துக்குடி

அன்புள்ள கே.,

1:200 போதும். நீளம் 95 செ.மீ., அகலம் 16 செ.மீ. வரும், கண்ணாடிப் பெட்டிக்கு இரு முனையிலும் இடம் விட்டாலும் நாலடிக்குள் அடங்கும். 1:150 என்று போனால் கப்பல் மட்டுமே 127 செ.மீ.

மரம் வாங்குவதற்கு முன் வரைபடத்தைக் கேளுங்கள். உங்களிடம் பேசுபவர் அநேகமாக நிர்வாகப் பிரிவில் இருப்பார். அவர் அனுப்புவது விளம்பரப் புகைப்படமாகத்தான் இருக்கும். தொழில்நுட்பப் பிரிவில் கேட்டால் ஜி.ஏ. பிளான் (எது எங்கே என்று காட்டும் பொது அமைப்பு வரைபடம்), டாக்கிங் பிளான் (டிரைடாக்கில் ஏற்றுவதற்கான அடிப்பகுதி வரைபடம்), பெயின்ட் விவரம் மூன்றும் கிடைக்கும். உடலின் வளைவுகளைக் காட்டும் லைன்ஸ் பிளானைக் கப்பல் கட்டிய தளம் எளிதில் வெளியே விடாது. கிடைக்காவிட்டால், டிரைடாக்கில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) அணியத்தையும் (முன்முனை) அமரத்தையும் (பின்முனை) நேர் எதிரே நின்று எடுத்த படங்களை வாங்குங்கள். நடுப்பகுதி நெடுக ஒரே பெட்டி வடிவம் என்பதால் வளைவு வேலையெல்லாம் இரு முனைகளில்தான். எந்த ஆண்டுத் தோற்றத்தில் செய்கிறீர்கள் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். கப்பல் கைமாறினால் புகைபோக்கி நிறமும் மாறும், பெயரும் மாறும்.

தேக்கு வேண்டாம். அதிலிருக்கும் எண்ணெய் பசையையும் பெயின்ட்டையும் சரியாகப் பிடிக்க விடாது. தோணியில் மரம் தெரிந்தால்தான் அழகு; இரும்புக் கப்பலில் மரத்தின் ரேகை ஓரிடத்தில் தெரிந்தாலும் வேலை கெட்டது. நன்றாகக் காய்ந்த குமிழ் மரம் எடுங்கள். செதுக்க இலகு, அதிகம் முறுக்காது. இந்த ரகக் கப்பலில் ஏராவிலிருந்து (அடிமுதுகு) மேல்தளம் வரை சுமார் 18 மீட்டர், மாதிரியில் 9 செ.மீ. ஆக 18 மி.மீ. பலகை ஐந்தை அடுக்கினால் உடல் தயார். அடியிலும் மேலும் உள்ள பலகைகளை விட்டு, நடுவில் உள்ளவற்றை இரண்டரை செ.மீ. சுவர் மட்டும் நிற்கும்படி அறுத்தெடுத்துவிடுங்கள். எடை குறையும், வெடிப்பும் குறையும். நிறுத்தும் பித்தளைக் கால்களுக்கு இரண்டு எம்6 நட்டுகளை இந்தக் கட்டத்திலேயே உள்ளே கட்டை வைத்துப் புதைத்துவிட வேண்டும்.

ஒட்டுவதற்கு எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும், தண்ணீர் இல்லாத பிசின்). வெள்ளைப் பசையில் ஒட்டினால் பெயின்ட் அடித்துச் சில மாதங்களில் ஒவ்வொரு இணைப்பும் மெல்லிய கோடாகப் பக்கவாட்டில் பள்ளம் விழுந்து தெரியும். பசையில் உள்ள தண்ணீரை உறிஞ்சி ஓரம் உப்புகிறது. நாம் இழைத்து மட்டமாக்கிய பிறகு அது காய்ந்து சுருங்குகிறது. செதுக்கி முடித்ததும் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எபாக்சியால் உடல் முழுக்கப் போர்த்துங்கள். உட்புறத்துக்கும் ஒரு பூச்சு. கடற்கரை ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. பிறகு பட்டி, 240, 400, 600 உப்புத்தாள். செதுக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். தகரத்தில் வெட்டிய குறுக்குவெட்டு அச்சை இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து, வெளிச்சம் கசியும் இடத்தைப் பாருங்கள்.

இனி நுணுக்கம். மாதிரி பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் விட்டுப்போன பாகங்கள் அல்ல, தடித்துப்போன பாகங்கள். தளத்தின் ரெயிலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி குறைந்தது ஒரு மீட்டர் உயரம், அடிக் கம்பிக்குக் கீழே 230 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, மற்றவற்றுக்கு இடையே 380. உங்கள் அளவில் 5 மி.மீ. உயரத்துக்குள் மூன்று கம்பி. 40 மி.மீ. குழாய் 0.2 மி.மீ. ஆகிவிடும். இதைக் கையால் பற்றவைக்க உட்கார்ந்தால் ஈயம் கம்பியைவிடத் தடிமனாகத் திரளும். 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுத்த பட்டையாக வெளியே செய்து வாங்குங்கள். இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை மீட்டர் தேவைப்படும், வளைக்கும்போது ஒடிவதற்கென்று இன்னொரு அரை மீட்டர். கிரேன் வடத்துக்கு நூல் வேண்டாம். ஈரத்தில் தளரும், தூசியும் பிடிக்கும். 0.15 மி.மீ. கம்பி சரியாக இருக்கும். வெல்டிங் கோடு, கதவுத் தாழ்ப்பாள் இவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். இந்த அளவில் கண் அவற்றைத் தேடாது.

தேடும் கண்கள் வேறு உண்டு. பார்க்க வருகிறவர்களில் அந்தக் கப்பலை ஓட்டிய கேப்டனும் இருப்பார். அவர் முதலில் போவது அமரத்துக்கு. ஒற்றை உந்தி (புரொப்பெல்லர்) பெரும்பாலும் வலக்கை ரகம்: பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றி முன்னே தள்ள வேண்டும். இலை முறுக்கு மாறினால் மாதிரி முழுதும் கேலிக்கு உள்ளாகும். கப்பல் 2006 ஜூலைக்குப் பிறகு கட்டியதென்றால், அமரத்துச் சரிவில் நழுவி விழும் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு இருந்தாக வேண்டும். நடுப்பக்கத்தில் சுமைக்கோட்டு வளையம் (எந்த அளவுவரை மூழ்கலாம் என்று காட்டும் குறி) உண்டு: அசலில் 300 மி.மீ. விட்டம், மாதிரியில் ஒன்றரை. கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்று காட்டும் மிதவை ஆழ எண்கள் அரை மி.மீ. உயரம்தான், இரு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில். வினைல் வெட்டும் இயந்திரத்தால் இது ஆகாது. நீரில் நனைத்து ஒட்டும் டெக்காலாக அச்சிட்டு வாங்குங்கள்.

பெயின்ட் அரைப் பளபளப்போடு நிற்கட்டும். முழுப் பளபளப்பு அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். அசல் நிறத்தை அப்படியே பூசினால் சிறிய உருவில் கறுத்துத் தெரியும், பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்த்துக்கொள்ளலாம். புகைபோக்கிச் சின்னத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அதை நிறுவனத்தார் தங்கள் நிற அட்டையை வைத்து ஒப்பிடுவார்கள். நீர்க்கோட்டில் டேப் ஒட்டியதும் முதலில் அடியிலிருக்கும் நிறத்தையே டேப் ஓரத்தில் ஒருமுறை விசிறிவிட்டு, பிறகு அடுத்த நிறம் அடித்தால் ஓரம் கசியாது.

பெட்டிக்கு 5 மி.மீ. அக்ரிலிக். சிலிக்கான் வைப்பதானால் வினிகர் வாசம் வீசும் ரகம் வேண்டாம். அடைத்த பெட்டிக்குள் அந்த ஆவி பித்தளையைக் கறுக்க வைக்கும். ஈயம் கலந்த வார்ப்பு இருந்தால் அது வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும், ஆகவே நங்கூரத்தைக்கூட ஈயத்தில் வார்க்காதீர்கள். காற்றுப் போக அடிப்பலகையில் சிறு துளைகள் விடுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். அக்ரிலிக் நுண்விரிசல் விடும்.

தொகையில் பாதியை முன்பணமாகவும், பெயின்ட்டுக்கு முன் உடலைக் காட்டி ஒப்புதல் வாங்கும்போது கால் பங்கும், மீதியை ஒப்படைக்கும் முன்பும் வாங்குங்கள். நிறத்துக்குத் தகட்டில் பூசிய மாதிரி ஒன்றில் கையெழுத்து இருக்கட்டும். அனுப்பும்போது அடிப்பலகையை மரப்பெட்டியின் தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். உடலை எதுவும் தொடக் கூடாது. பெயின்ட் அடித்த ஒரு வாரத்துக்குள் பபிள் ராப் சுற்றினால் குமிழ்த் தடம் அப்படியே பதியும், பிறகு திரும்பவும் உப்புத்தாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.