பழைய கம்ப்ரசரை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மதுரை திருப்பாலையில் வசிக்கிறோம். 2021-ல் வாங்கிய ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. டிசம்பர் மழையில் உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது, காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) ஐஸும் கட்டியது. பைபாஸ் ரோட்டில் கம்பெனி லோகோவுடன் போர்டு வைத்திருக்கும் சர்வீஸ் கடையில் சொன்னோம். ஏப்ரலுக்குள் மூன்று முறை ‘கேஸ் இறங்கிவிட்டது’ என்று தடவைக்கு 2,800 ரூபாய் வாங்கினார்கள். மே மாதம் கம்ப்ரசரே போய்விட்டது. கம்பெனி ஆளைக் கூப்பிட்டால், ‘வெளியாள் கை வைத்திருக்கிறார், பத்து வருட கம்ப்ரசர் வாரண்டி கிடையாது’ என்கிறார். கடைக்காரர், ‘பார்ட்ஸ் காசு 11,000 கொடுங்கள், லேபர் வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுத்தபோது போனில் மரியாதையில்லாமல் பேசினார். அக்னி நட்சத்திரத்தில் வயதான அம்மாவும் குழந்தைகளும் பட்ட பாடு சொல்லி மாளாது. இந்த ஞாயிறு வேறு மெக்கானிக் வந்து, பழைய கம்ப்ரசரை எடுத்துக்கொண்டு 16,500-க்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். புது ஏசியும் 5 லட்சம் நஷ்டஈடும் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்காரர் போனில் பேசிய விதம், குழந்தைகள் மொட்டை மாடியில் படுத்தது, மூன்று நாள் கழித்து ஆள் வந்தது எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடக்கிவிடுங்கள். வழக்கு அவற்றின் மேல் நிற்காது. நிற்கப்போவது ஒரே கேள்வியில்: கேஸ் எங்கே கசிந்தது என்று யாராவது கண்டுபிடித்தார்களா?

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. கம்ப்ரசர் அழுத்தித் தள்ள, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டிலோ, காயிலிலோ, பிரேசிங் செய்த (உலோகம் உருக்கிப் பற்றவைத்த) இடத்திலோ கசிவு இருக்கிறது. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துப் பார்த்து, அடைத்து, வேக்கும் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, அதன் பிறகுதான் எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். உங்கள் வெளி யூனிட் ஸ்டிக்கரில் கேஸ் வகை ஆர்32, 750 கிராம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பில்லிலும் ‘கேஸ் ஃபுல்’ என்று மட்டும்தான் இருக்கிறது. எடை இல்லை, கேஸ் வகை இல்லை, லீக் டெஸ்ட் என்ற சொல்லே இல்லை. இரண்டே கால் கிலோ கேஸ் ஐந்து மாதத்தில் எங்கே போனது என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. டிசம்பரில் தண்ணீர் சொட்டியபோது டிரெயின் பைப்பை ஊதிவிட்டுப் போனார்களே, அதுவும் உங்களுக்குச் சாதகம். காயிலில் ஐஸ் கட்டி, அது உருகித் தட்டு நிரம்பி வழிவது கேஸ் குறைந்ததற்கு வழக்கமான அடையாளம். ஐஸ் படம் தேதியோடு போனில் இருக்கிறது என்றீர்கள். அழிக்காதீர்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள்.

ஆகவே 8,400 ரூபாய்க்கான சேவைக் குறைபாடு பில்களிலேயே தெரிகிறது. அதற்கு நிபுணர் வேண்டியதில்லை.

கம்ப்ரசர் விஷயம் வேறு. கசிவை அடைக்காதது ஒரு தவறு. அதனால்தான் கம்ப்ரசர் எரிந்தது என்பது இன்னொரு விஷயம். இரண்டாவதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரர். எதிர்தரப்பு என்ன பதில் போடும் என்று இப்போதே சொல்லிவிடலாம். ஸ்டெபிலைசர் இல்லை, வோல்டேஜ் ஏறி இறங்கியது, வெளி யூனிட் மேற்கு வெயிலில் இருக்கிறது, காயிலை போர்வெல் தண்ணீரில் கழுவினார்கள், இத்யாதி.

இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய கம்ப்ரசர். கேஸ் குறைந்தால் மோட்டார் சுருளைக் குளிர்விக்கும் ஓட்டம் குறையும், ஆயிலும் சரியாகத் திரும்பாது, சூடு ஏறும். வேக்கும் போடாமல் ஏற்றியிருந்தால் உள்ளே காற்றும் ஈரமும் போய் ஆயிலில் அமிலம் உண்டாகும். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும். அமிலச் சோதனையில் தெரியும். மூன்று முனைகளுக்கிடையே சுருளின் ரெசிஸ்டன்ஸ் சமமாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரிலும், பாடிக்கு எர்த் அடிக்கிறதா (மின்சாரம் கசிகிறதா) என்று மெக்கர் என்ற கருவியிலும் பார்க்கலாம். பாலிடெக்னிக் ஆசிரியர் போன்ற ஒருவரை நிபுணராக நியமிக்கக் கோரி மனுப் போட்டால் அவர் பார்ப்பது இவைதான். எதுவும் இல்லாமல் அவர் வந்து எதைப் பார்ப்பார்? சுவரையா?

மக்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். வெயில் தாங்காமல் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவர் பழையதைத் தூக்கிக்கொண்டு போய் எடைக்குப் போடுகிறார். சில மாதம் கழித்து ஆணையத்தில், ‘பழுதான பாகம் எங்கே?’ என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்கும்போது புகார்தாரர் புது பில்லை நீட்டுகிறார். புது பில் நீங்கள் செலவு செய்ததைக் காட்டும், யாரால் செலவு வந்தது என்பதைக் காட்டாது. புது மெக்கானிக், ‘கேஸ் இல்லாமல் ஓடியதால் எரிந்தது’ என்று லெட்டர்பேடில் எழுதித் தருவார். தொழில் போட்டியாளர் எழுதியது, காசு வாங்கியவர் எழுதியது என்று அதை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

பாதி அறிவோடு பத்திரப்படுத்துகிறவர்களும் உண்டு. கம்ப்ரசரைக் கழற்றி, குழாய் வாயைத் திறந்தபடி மாடிப்படிக்கு அடியில் போட்டு வைப்பார்கள். இந்த வகைக் கம்ப்ரசர் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் அந்த ஆயில் சாட்சியாக உதவாது. ‘ஈரம் உங்கள் வீட்டில்தான் ஏறியது’ என்பார்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் தேதி, நேரம் சொல்லி, வந்து பார்க்கும்படி எழுதுங்கள். வராவிட்டாலும் அந்தக் கடிதம் உங்களுக்கு உதவும். கழற்றும்போது கம்ப்ரசர் சீரியல் எண், வெளி யூனிட் ஸ்டிக்கர், குழாய் முனைகள் எல்லாம் தெரியும்படி வீடியோ எடுங்கள். கழற்றியவுடன் இரு குழாய் முனைகளையும் நசுக்கி பிரேசிங் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஆயிலை வடிக்கக் கூடாது, படுக்க வைக்கக் கூடாது. வீடியோவை ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் இணையுங்கள்.

கம்பெனி ஆள் வாரண்டி இல்லை என்றது உங்களுக்குக் கோபம். எனக்கு அது நல்ல ஆவணம். புகாரை முடித்துக்கொள்ள அவருக்கு ஓடிபி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். பரவாயில்லை, அவர் பார்த்து எழுதிய அறிக்கையை மெயிலில் கேட்டு வாங்குங்கள். ‘வெளியாள் கேஸ் ஏற்றியிருக்கிறார், கம்ப்ரசர் எரிந்திருக்கிறது’ என்று அதில் இருந்தால், கம்பெனிக்கு எதிராக உங்களைத் தடுக்கும் அதே வரி கடைக்கு எதிராக உதவும். கடைப் போர்டில் இருக்கும் லோகோவை இன்றைக்கே படம் எடுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அந்தப் போர்டு அங்கே இருக்காது. கம்பெனியோடு தொடர்பில்லாதவர் தொடர்பு இருப்பதாகக் காட்டிக்கொள்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

நீங்கள் கவனிக்காத ஒன்று: மூன்று பில்லும் உங்கள் மனைவியின் தையல் கடைப் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கின்றன. வணிகத்துக்காகப் பெற்ற சேவை என்றால் அவர் ‘நுகர்வோர்’ வரையறைக்குள்ளேயே வரமாட்டார். சுயதொழிலில் பிழைப்பவருக்கு அந்தச் சட்டத்தின் 2(7) பிரிவில் விலக்கு இருக்கிறது, ஆனால் அதன் வாசகம் வாங்கிய பொருளைத்தான் சொல்கிறது, சேவையை அல்ல; ஏசி வீட்டுப் படுக்கையறையில் இருப்பதைக் காட்டலாம். ஆனால் பில்லில் கட்டிய ஜிஎஸ்டியைக் கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தால் (உள்ளீட்டு வரி வரவு) நிலைமை சிக்கல். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகார் எப்படியும் மனைவி பெயரில்தான்.

5 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். ஆணையத்தின் வரம்பு நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான் முடிவாகிறது, கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. பெரிதாகக் கேட்டால் பெரிதாகக் கிடைக்கும் என்பதும் இல்லை. புது ஏசி இந்த வழக்கில் கிடைக்காது. கட்டணம் இல்லை, உள்ளூரிலேயே போடலாம் என்பதெல்லாம் சரிதான். பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி அடுத்த சித்திரையைத் திட்டமிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், சமரசம் பேசுங்கள். ‘லேபர் வேண்டாம்’ என்று கடைக்காரர் எழுதியதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது, ஆனால் பேரம் அங்கிருந்து தொடங்கலாம். 11,000-ல் அவர் வாங்கிய 8,400-ஐக் கழியுங்கள். நீங்கள் தருவது 2,600. இதற்கும் 11,000-க்கும் நடுவில் அவர் ஒத்துக்கொண்டாலும் நான் கையெழுத்துப் போடச் சொல்வேன்.

ஆனால் எழுத்தில் வேண்டும்: கசிவு எங்கே இருந்தது, எப்படி அடைத்தார்கள், நைட்ரஜன் அழுத்தம் ஒரு இரவு நின்றது, எரிந்த ஆயில் தங்காமல் குழாய்களைச் சுத்தம் செய்து ஃபில்டர் மாற்றியது, வேக்கும் போட்டது, ஆர்32 எத்தனை கிராம் ஏற்றியது, புது கம்ப்ரசரின் சீரியல் எண், ஒரு வருட உத்தரவாதம். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை மெஷின் இரண்டு வாரம் ஓடிய பிறகு கொடுங்கள், பழைய கம்ப்ரசரையும் அன்றைக்கே கொடுங்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் நுகர்வோர் சட்டம் 69-ஆம் பிரிவின் இரண்டு வருடக் காலவரம்பு அதற்காக நிற்காது. முதல் பில் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.