தசை ஸ்டெம் செல் ஆய்வாளராக எவ்வளவு காலம் படிக்க வேண்டும்? முடிவில் வேலை உண்டா?

திருகோணமலையில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள் தசை ஸ்டெம் செல் ஆய்வாளராக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், அதற்கான காலமும் பிற்பாடு கிடைக்கும் வேலையும் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். உவர்மலையில் வளர்ந்து, பேராதனையில் பட்டம் பெற்று, கனடாவில் இதே துறையில் கலாநிதிப் பட்டம் முடித்து, இப்போது ஊரில் உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இலங்கையில் விசேட பட்டத்துக்கு 4 வருடங்கள். வட அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6 வருடங்கள் ஆகும். பேராசிரியர் பதவியை நோக்குபவர் அதன் பின்னரும் சில வருடங்கள் 'போஸ்ட்டொக்' எனப்படும் ஒப்பந்த ஆய்வாளராக இருக்க வேண்டும். ஆகவே முப்பது வயதைத் தாண்டித்தான் நிலையான பதவியைப் பற்றிப் பேசலாம். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவக் கலாநிதி மாணவரின் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ ஆய்வு நிதியோ ஏற்றுக்கொள்வதோடு, வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் வழங்கப்படுகிறது. காணியை ஈடு வைத்து அனுப்ப வேண்டிய படிப்பு இதுவன்று. அப்படிச் சொல்லும் முகவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதற்பட்டத்தின் பெயரில் 'ஸ்டெம் செல்' இருக்க வேண்டியதில்லை. பேராதனையில் மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும், கொழும்பில் உயிர்இரசாயனவியல் போன்ற பாடங்களே போதுமானவை. இறுதி வருட ஆய்வுச் செயற்திட்டத்தை மட்டும் ஒப்புக்குச் செய்யக்கூடாது, ஏனெனில் பின்னர் பரிந்துரைக் கடிதம் எழுதுபவருக்கு எழுத விஷயம் தருவது அதுவே.

இனி, பயிற்சி என்பது உண்மையில் என்ன? தசை நாருக்கும் அதைப் போர்த்தியிருக்கும் மென்படலத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் சில கலங்களை, அதாவது இன்று தசை ஸ்டெம் செல்கள் எனப்படுபவற்றை, 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கண்டு விவரித்தார். தசை காயப்படும்போது அவை விழித்துப் பிரிவடைந்து, சில நாரோடு இணைய, சில மீண்டும் உறக்கநிலைக்குத் திரும்புகின்றன. இந்தக் கலங்களை உறக்கம் கலையாமல் வெளியே எடுக்கப் பழகுவதிலேயே புதிய மாணவரின் முதல் மாதங்கள் கழிந்துவிடும். சுண்டெலியின் பின்னங்காலில் விரல்களை நீட்டும் மெல்லிய தசையை இரு முனைத் தசைநாண்களோடும் வெட்டியெடுக்க வேண்டும்; இடுக்கி தசைநாணை மட்டுமே பிடிக்கலாம், நடுவில் பட்டால் நார்கள் சிதைந்துவிடும். பின்பு நார்களைப் பிணைக்கும் புரதத்தைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியில் 37 பாகை செல்சியஸில் ஊறவிட்டு, வாய் அகன்ற கண்ணாடிக் குழாயால் வெதுவெதுப்பான ஊடகத்தை மெல்லப் பாய்ச்சினால் நார்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். உயிருள்ள நார் நீண்டு பளபளக்கும். செத்த நார் கறுத்துச் சுருண்டு கிடக்கும். முதல் தடவைகளில் தட்டு நிறையச் சுருண்டவைதான் இருக்கும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலங்களை வளர்க்கத் தொடங்கியபின் நேரமும் நம் கையில் இல்லை. தட்டில் நெருக்கம் கூடினால் அவை ஒன்றோடொன்று இணைந்து தசைக்குழாய்களாகி, மேற்கொண்டு பிரிவடையாமல் நின்றுவிடும். அவற்றுக்குப் போயா விடுமுறையும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. உங்கள் மகளுக்கு இந்த ஒழுங்கு பிடிக்குமா என்பதை, மதிப்பெண்களைவிட, நான் முதலில் பார்ப்பேன்.

ஏமாற்றத்துக்கும் மனம் பழக வேண்டும். சிறுவர்களின் தசைகளைப் படிப்படியாக அழிக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோயில் பழுதடையும் டிஸ்ட்ரோபின் மரபணு 1987 வாக்கிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. அதை நம்பி 1990களில் நோயாளிச் சிறுவர்களுக்குத் ஸ்டெம் செல்களிலிருந்து உருவாகும் தசை முன்னோடிக் கலங்களை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார்கள். செலுத்திய கலங்களில் பெரும்பகுதி விரைவில் இறந்தது, எஞ்சியவை ஊசி பட்ட இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. அந்தத் தோல்விக்கான விடையைத்தான் இத்துறையில் பலர் இன்றும் தேடுகிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, ஊரில் கலாநிதி என்றாலே பேராசிரியர் என்று எண்ணுகிறோம். கலாநிதிகளில் சிறுபகுதியினரே அந்தக் கதிரைக்குப் போகிறார்கள். ஏனையோர் மருந்து நிறுவனங்கள், மருத்துவப் பரிசோதனை நிர்வாகம், காப்புரிமை அலுவலகங்கள், கலங்களைப் பிரித்தெடுக்கும் கருவிகளை இயக்கும் பொது ஆய்வுகூடங்கள் என்று பரவியிருக்கிறார்கள். பல வருடம் ஆய்வுகூட நிர்வாகியாக இருக்கும் ஒருவர், புதிதாக வந்த கலாநிதிகளுக்கே கைவேலை பழக்குவதும் சாதாரணம். நாடு திரும்புபவர் அதே ஆய்வை அப்படியே தொடர்வது கடினம் என்பதை மறைக்க மாட்டேன்; மரபணுப் பரிசோதனை, நோய் கண்டறிதல், கற்பித்தல் ஆகியவற்றுக்கு அந்தப் பயிற்சி நேரே உதவும்.

ஆய்வுகூடத்தைத் தேர்ந்தெடுக்கும் காலம் வரும்போது, தலைவரின் கட்டுரைகள் எந்தச் சஞ்சிகையில் வந்தன என்பதைவிட, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதைப் பாருங்கள். அங்கே தற்போது படிக்கும் மாணவர் ஒருவருக்கு உங்கள் மகளே மின்னஞ்சல் எழுதி, விடுமுறை எப்படி, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், சோதனை பிழைத்தால் தலைவர் என்ன செய்வார் என்று கேட்கட்டும். எழுதுவதைவிடத் தொலைபேசியில் பேசலாம் என்று பதில் வந்தால், அழைத்துப் பேசிய பின்பே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள்.