30-க்கு எத்தனை, டாக்டர்?

கேள்வி: எங்கள் முதுநிலை மாணவர்கள் 'மோகா' நினைவாற்றல் சோதனையைச் சரியாகவே செய்கிறார்கள். முடிவை வீட்டாரிடம் சொல்லும்போதுதான் தடுமாறுகிறார்கள். எப்படிப் பழக்குவது?
– முதியோர் மருத்துவ ஆசிரியர், மதுரை

பதில்: மதிப்பெண்ணில் ஆரம்பிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். "30-க்கு 19" என்று காதில் விழுந்தால் பரீட்சையில் ஃபெயில் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சொல்வது எதுவும் ஏறாது. 26-க்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 1 மதிப்பெண் கூட்டுகிறோம். மூன்றாம் வகுப்போடு நின்றவர், சோதனையில் வரும் கனசதுரத்தை வரையத் திணறினால் அந்த 1 எந்த மூலைக்கு? கண்ணாடியோ காதுக் கருவியோ இல்லாமல் சோதித்தாலும் எண் சரியும். மறதிக்கு வேறு காரணமாகக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு பார்த்து முடிக்கும்வரை 'டிமென்ஷியா' (மறதிநோய்) என்ற சொல்லே வரக்கூடாது.

பயிற்சிக்கு நால்வர் போதும்: மருத்துவர், நோயாளி, மகன், குறிப்பெடுப்பவர். 10 நிமிடம். எந்தக் கேள்விக்கும் அப்பாவை முந்திக்கொண்டு பதில் சொல்லும்படி மகனாக நடிப்பவரிடம் ரகசியமாகச் சொல்லிவையுங்கள். மாணவரின் நாற்காலி எப்போது மகன் பக்கம் திரும்புகிறது என்பதைக் குறிப்பெடுப்பவர் எழுதட்டும்.

"ஞாபகத்துல என்ன மாற்றம் தெரியுதுங்க ஐயா?" என்று அவரிடமே தொடங்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்டபிறகு, ஒரே வாக்கியம்: "புதுசா நடந்தது மனசுல தங்க மாட்டேங்குது, இது வயசு மறதிக்கு மேல." உடனே வாயை மூடி 10 விநாடி. மாணவர்களுக்கு இதுதான் ஆகக் கடினம். அந்த மௌனத்தை மாத்திரைப் பெயர்களால் நிரப்பிவிடுவார்கள். "மூளை சுருங்கிடுச்சு", "புத்தி மழுங்கிடுச்சு" வேண்டவே வேண்டாம்.

புற்றுநோய்ச் செய்தியைச் சொல்ல 2000-இல் வந்த 'ஸ்பைக்ஸ்' ஆறு படிகள் இங்கும் உதவும். ஆனால் இங்கே கேட்பவரே மறந்துவிடலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அது அவருக்கு இன்னொரு சோதனை. அதை மகனிடம் கேளுங்கள்: "வீட்டுல அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?" பெரியவர் கையில், பெரிய எழுத்தில் ஒரே தாள்.

கேள்வி: "அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம்" என்று மகள் கெஞ்சினால்?
– செவிலியர், தஞ்சாவூர்

பதில்: என்ன பயம் என்று முதலில் மகளிடம் கேளுங்கள், பெரும்பாலும் அப்பா உடைந்துபோவார் என்பதுதான். உயிலும் பவர் பத்திரமும் அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதினால்தான் செல்லும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பிறகு அப்பாவிடமே: "ரிசல்ட்டை உங்ககிட்டச் சொல்லவா, பொண்ணுகிட்டச் சொல்லவா?" பொண்ணுகிட்ட என்றால் அப்படியே. அடுத்த முறை வரும்போது மறுபடி கேளுங்கள்.