வெளிவட்டச் சாலை வருதுன்னு நிலம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: கணியம்பாடி பக்கம் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் மானாவாரி நிலம் இருக்கிறது. அண்ணன், நான் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. வேலூரிலிருந்து ஒரு மனை வியாபாரி வந்து, பக்கத்து நிலங்களோடு சேர்த்து மனைப்பிரிவு போடக் கேட்கிறார். “இந்தப் பக்கமாதான் வெளிவட்டச் சாலை வரப்போவுது, பெரிய கம்பெனிக்காரங்களே போட்றாங்க. தண்ணி, பாதாளச் சாக்கடை எல்லாம் கார்ப்பரேஷன் கொண்டாந்துடும்” என்கிறார். பவர் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். சாலை எங்கே போகணும் என்று முடிவு செய்வது அரசா, தனியாரா? இப்போதே கொடுப்பதா, காத்திருப்பதா?

பதில்: அந்த வியாபாரி ஒரே மூச்சில் மூன்று சங்கதிகளைக் கலந்துவிட்டார். சாலையின் தடம் ஒன்று, அதைக் கட்டுவது யார் என்பது இன்னொன்று, மனைக்குள் வரும் தண்ணீரும் சாக்கடையும் வேறொன்று. மூன்றுக்கும் பொறுப்பாளி தனித்தனி.

சாலை எந்த சர்வே எண் வழியாகப் போகும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு தீர்மானிக்கும். மாநிலச் சாலைக்கு 2001ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கிறது. நகரைச் சுற்றியுள்ள நிலம் குடியிருப்புக்கா, தொழிலுக்கா, விவசாயத்துக்கா என்பதை 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் போடும் முழுமைத் திட்டம் சொல்லும். கம்பெனிக்காரர் வருவதெல்லாம் அப்புறம்தான்: கட்ட, பணம் போட, நடத்த.

வாலாஜாபேட்டை–கிருஷ்ணகிரி சாலையைப் பாருங்கள். பள்ளிகொண்டாவில் சுங்கம் கட்டிவிட்டுப் போகிறோமே, அதேதான். தடத்தைக் குறித்ததும் நிலத்தை எடுத்ததும் அரசு. ஆறு வழியாக அகலப்படுத்தி, பராமரித்து, ஒப்பந்தக் காலம் முடியும்வரை சுங்கம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை தனியாருக்கு. சர்வீஸ் ரோடு இல்லை, சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று சுங்கச்சாவடியில் போய்ச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றைச் சாவடி மேலாளர் எப்படிச் செய்வார்? அந்த மனு போகவேண்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு. இப்போது பல சாலைகளுக்கு ஹைபிரிட் ஆன்யுட்டி என்று இன்னொரு முறையும் வந்திருக்கிறது. கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும். மீதியைக் கம்பெனி போட்டு, 15 வருஷத் தவணையில் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும். வண்டி குறைந்தால் நட்டம் அரசுக்கு. இதிலும் தடம் அரசு போட்டதுதான்.

எனவே “கம்பெனிக்காரங்களே போட்றாங்க” என்ற பேச்சை விட்டுவிட்டு, “எந்தத் தேதி கெசட்?”, அதாவது எந்த அரசிதழில் வந்தது என்று கேளுங்கள். ஒரு சாலை காகிதத்தில் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் போதும். முதலில் ஆலோசனை நிறுவனம் ஒன்று ஆய்வுக்கு வரும். கருவியோடு வயலில் நிற்பார்கள், பாறையில் சிவப்பு மை அடிப்பார்கள், சில இடத்தில் கல்லும் நடுவார்கள். ஊரே “கல்லு நட்டுட்டாங்க” என்று பேசும், மனை விலை மறுநாளே ஏறும். ஆனால் ஆய்வில் இரண்டு மூன்று மாற்றுத் தடங்களைப் பார்ப்பது வழக்கம், ஒன்றுதான் மிஞ்சும். அந்த மைக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை.

மதிப்புள்ள முதல் காகிதம், தேசிய நெடுஞ்சாலையானால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3ஏ அறிவிக்கை. கெசட்டில் சர்வே எண்ணோடு வரும். அதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று தமிழில், வரவேண்டும். அன்றிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபனை கொடுக்கலாம். அடுத்தது 3டி அறிவிக்கை; அது வந்த நிமிஷம் நிலம் மத்திய அரசுக்குப் போய்விடும். 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிக்கை செல்லாது. உங்கள் சர்வே எண் இந்த இரண்டில் எதிலும் இல்லையென்றால், சாலை இன்னும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது.

முழுமைத் திட்டத்திலோ, ஒரு பகுதிக்கு மட்டும் நுணுக்கமாகப் போடும் விரிவு அபிவிருத்தித் திட்டத்திலோ உங்கள் நிலத்தின்மேல் சாலைக் கோடு விழுந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கணும். வரைவு வெளியாகும்போது ஆட்சேபனைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். நம்மூரில் அந்த இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்புறம் வீடு கட்ட அனுமதி கேட்கப் போகும்போதுதான் கோடு கண்ணில் படும். ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதலாம் என்று 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. அது தானாக நடந்துவிடாது. மனு போட்டு அலைந்து, உயர் நீதிமன்றம் வரை போய் வாங்கியவர்கள் ஏராளம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சாலை நிஜமாகவே வந்தாலும் அது உங்களுக்கு லாபம் என்று யார் சொன்னது? புறவழிச்சாலையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, அணுகுசாலைக்கு அனுமதி வேண்டும். வயலை இரண்டாக வெட்டிக்கொண்டு போனால், கிணறு இந்தப் பக்கமும் கொல்லை அந்தப் பக்கமுமாக நிற்கும்.

இதுவரை சட்டம். வேலூரின் நடப்பு வேறு. இங்கே பெரும்பாலும் தனியார் முன்னே போகிறார்கள், அரசுத் திட்டம் பின்னாலேயே ஓடுகிறது. சி.எம்.சி. மருத்துவமனை 1900இல் தொடங்கியது; அதைச் சுற்றி லாட்ஜும் மருந்துக்கடையும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து ஒரு தனி ஊரே முளைத்தது. 1984இல் வி.ஐ.டி. கல்லூரி வந்தபின் காட்பாடி பக்கமும் அப்படித்தான். சத்துவாச்சாரி, காட்பாடியெல்லாம் அப்போது தனித்தனி உள்ளாட்சிகள். 2008இல் வேலூர் மாநகராட்சி ஆனது, 2011இல்தான் இவை அதில் சேர்ந்தன. அதற்குள் ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் தன் மட்டத்தில் கால்வாய் போட்டாகிவிட்டது. எல்லைக்கு வெளியே தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கும் வேலை யாருக்கும் இல்லை. பின்னால் பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டியபோது சத்துவாச்சாரிக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் வேலூரும் ராணிப்பேட்டையும் இரண்டு ஆட்சியர்களின்கீழ் வந்துவிட்டன. பாகாயத்திலிருந்து ராணிப்பேட்டை வரை ஒரே நகரமாக வளர்கிற ஊருக்கு இரண்டு மாவட்டத் திட்டக் குழுக்கள். சேர்த்துப் பார்க்கும் ஒரு வட்டாரத் திட்டம் இல்லாமல் இது சரியாக வராது என்பது என் அபிப்பிராயம்.

தனியாரால் பொது வசதி செய்யவே முடியாதா என்றால், முடியும். கையில் காசு கட்டும் வாடிக்கையாளர் இருக்கணும், பின்னால் சட்டத்தின் பிடி இருக்கணும். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் சேர்ந்து கம்பெனி அமைத்து, அரசு மானியமும் வாங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் “மாசுபடுத்தியவனே செலவை ஏற்கணும்” என்று பிடித்த பிடியும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஜனவரியில் பார்த்தோம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். திருப்பூரில் தனியார் பங்கோடு நாளுக்கு 185 மில்லியன் லிட்டர் தண்ணீர் தரும் திட்டம் 2005இல் ஓட ஆரம்பித்தது, நாடே பாராட்டியது. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதும் தண்ணீர் வாங்க ஆளில்லாமல் வருமானம் படுத்துவிட்டது. சென்னை ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். கணியம்பாடி மனைப்பிரிவுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்து லாபம் பார்க்க எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை.

அப்போது யார் செய்வது? கணியம்பாடி வேலூர் மாநகராட்சிக்குள் இல்லை. எல்லை விரியலாம், விரியாமலும் போகலாம். விரிந்த மறுநாளே சாக்கடை வந்துவிடாது. சட்டப்படி மனைப்பிரிவுக்குள் சாலையும் வடிகாலும் போட்டு, அந்த இடத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டியவர் மனை போடுகிறவர். ஒப்படைத்த பிறகு பராமரிப்பு ஊராட்சியுடையது. தானப் பத்திரம் பதிவாகாத தெருவில் மின்விளக்குக்குக்கூட ஊராட்சி செலவு செய்யத் தயங்கும்.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்றால் நம்பவேண்டாம். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாக மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. அதற்குப் பின் போட்ட மனைப்பிரிவுக்கு அந்தக் கதவு திறக்காது.

கணக்கும் பாருங்கள். உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் ஏறக்குறைய 4,850 சதுர மீட்டர். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 வரை உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா போன்ற திறந்தவெளிக்கு விடணும். முடியாவிட்டால் அதற்கு அரசின் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். பக்கத்து நிலங்களைச் சேர்த்து 10,000 சதுர மீட்டரை, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்டைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது, இடத்தையே கொடுக்கணும். அதனால்தான் சிலர் ஒரே மனைப்பிரிவை வேறு வேறு பெயரில் துண்டு துண்டாக அனுமதிக்குப் போடுகிறார்கள். உங்கள் நிலம் எந்தத் துண்டில் வருகிறது, பூங்கா யார் நிலத்தில் விழுகிறது என்று வரைபடத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அந்த வரைபடத்தில் தெரு முடியும் இடத்தையும் உற்றுப் பாருங்கள். சில வியாபாரிகள் தெருவின் கடைசியில் ஒரு அடி அகலத்துக்கு ஒரு பட்டையைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். அடுத்த நிலத்துக்காரர் மனை போட்டு இந்தத் தெருவோடு இணைக்க வந்தால், அந்த ஒரு அடிக்குப் பேரம் நடக்கும். ஓரமாக இருக்கும் நிலத்தை மட்டும் விற்காமல் வைத்திருந்தவருக்குப் பாதையே அடைபட்டுப் போகும். அப்புறம் புல வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு இருக்கிறதா, வரைவு மனைப்பிரிவில் அது தெருவாக மாறிவிட்டதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் நிலத்தில் போய் நின்றால் தண்ணீர் எந்த ஏரியை நோக்கி ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

இனி விற்பனைக்கு வருவோம். பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கவேண்டாம், அண்ணனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பவர் வாங்கியவர் உங்கள் பெயரில் மனையை விற்பார். சாலை வரவில்லை, வடிகால் இல்லை என்று வாங்கினவர்கள் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, வீடு மனை வாங்குகிறவர்களைக் காக்கும் ரெரா சட்டத்துக்குள் வருகிறது. மனை போடுகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு ஆளாக இருந்தாலும் அந்தச் சட்டம் இரண்டு பேரையுமே பொறுப்பாளியாகப் பார்க்கும். விற்பதானால் முதலில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை செய்து தனிப் பட்டா வாங்குங்கள், அப்புறம் முழுத் தொகைக்கும் நேரடிக் கிரயம்.

முழுத் தொகை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது நம் பக்கம் பழகிப்போன ஒன்று. நிலம் எடுக்கும்போது இழப்பீடு, வழிகாட்டி மதிப்பையும் சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான கிரயங்களில் விலை அதிகமான பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதை வைத்துத்தான் போடப்படும். அதற்குமேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. ஊரே குறைத்துப் பதிவு செய்திருந்தால், கடைசியில் சாலைக்கு நிலம் கொடுப்பவருக்கும் அந்தக் குறைந்த விலைதான்.

கொடுப்பதா, காத்திருப்பதா? சாலையே வராது என்று வைத்துக்கொண்டு அவர் சொல்லும் விலையைப் பாருங்கள். மானாவாரி நிலத்துக்கு அது நல்ல விலையாகத் தெரிந்தால் விற்கலாம். சாலையைக் காட்டி, பணத்தைப் பிறகு தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு முன் ஒரு மாதம் பொறுத்து இரண்டு தகவல் உரிமை மனுக்கள் போடுங்கள்; பதில் தர 30 நாள் அவகாசம். ஒன்று வேலூரில் உள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு: “இந்த சர்வே எண் முழுமைத் திட்டத்தில் எந்தப் பயன்பாட்டில் உள்ளது, சாலை உத்தேசம் உண்டா, இந்த எண்ணைச் சேர்த்து மனைப்பிரிவு விண்ணப்பம் ஏதும் வந்துள்ளதா, வரைபட நகல் வேண்டும்.” இதற்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இன்னொன்று தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட அலுவலகத்துக்கு: “இந்தக் கிராமத்தில் 3ஏ அறிவிக்கை வந்துள்ளதா, வந்திருந்தால் தேதி, சர்வே எண் பட்டியல்.” அது மத்திய அலுவலகம், அங்கே கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் செல்லாது, 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்கி இணையுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும் இதே கேள்வியோடு ஒரு மனு போடலாம், வெளிவட்டச் சாலையை அவர்களும் போடக்கூடும்.