நண்பர் கொடுத்த மாத்திரையை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். சில மாதங்களாக விறைப்புத்தன்மை நிலைப்பதில்லை. நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த சில்டெனாஃபில் மாத்திரையைக் கொடுத்தார். அதை எடுக்கலாமா? வேறு வழிகள் உண்டா?

பதில்: மாத்திரையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மருந்தைப் பயன்படுத்துபவர்கள் இதை எடுத்தால், ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மருந்துகளோடும் கவனம் தேவை. மேலும், ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை என்பதால், அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஆகவே, உங்களுக்கு முதலில் வேண்டியது இதயப் பரிசோதனையும் சர்க்கரைக் கட்டுப்பாடும்தான்.

இதயம் நலமாக இருந்தால், மருத்துவரே இம்மாத்திரையை எழுதித் தரலாம். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, கொழுப்பு மிகுந்த உணவைத் தவிர்த்து எடுக்க வேண்டும். பாலுணர்வு எழாமல் அது தானாக வேலை செய்யாது. இது தெரியாமல், ஒரே முறை எடுத்துவிட்டு 'மருந்து பலிக்கவில்லை' என்று கைவிடுபவர்கள் ஏராளம். இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையான டடாலாஃபிலின் விளைவு 36 மணி நேரம் வரை நீடிக்கும்.

மாத்திரை உதவாதவர்களுக்கு, உறுப்பின் மேல் பொருத்திக் காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கும் வெற்றிடக் குழாய்க் கருவி உண்டு. விறைப்பு நிலைக்க உறுப்பின் அடிப்பகுதியில் மாட்டும் அதன் வளையத்தை 30 நிமிடங்களுக்குள் கழற்றிவிட வேண்டும். உறுப்பில் நேரடியாகப் போடும் ஊசியும், கடைசி வழியாக உள்வைப்பு அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை, ரத்தப் பரிசோதனையில் அதன் குறைவு உறுதியானவர்களுக்கு மட்டுமே. எந்தச் சிகிச்சையிலும் விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், கூச்சப்படாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.