மனச்சோர்வு: மூளையா, வாழ்க்கையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் தங்கைக்கு மனச்சோர்வு. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்திருப்பதாகச் சொல்லி மனநல மருத்துவர் மாத்திரை தந்திருக்கிறார். அப்பாவுடனான பழைய கசப்பே காரணம், மாத்திரையால் பயனில்லை என்கிறார் உளவியல் ஆலோசகர். யாரை நம்புவது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

இந்தச் சச்சரவு அமெரிக்காவில் வழக்காகவே ஆனதுண்டு. 1979-இல் ரஃபேல் ஓஷராஃப் என்ற சிறுநீரக மருத்துவர், கடும் மனச்சோர்வோடு மேரிலாந்தின் செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். ஆழ்மனத்தைப் பேச்சின் வழி ஆராயும் உளப்பகுப்பாய்வுக்குப் பேர்போன அவ்விடத்தில், நோயின் வேர் அவருடைய ஆளுமையில் இருப்பதாகக் கணித்து, ஏழு மாதம் மருந்தின்றிப் பேச்சு சிகிச்சை மட்டுமே அளித்தார்கள். அவரோ கால்கள் வீங்கிக் கொப்புளம் கண்ட பிறகும் மணிக்கணக்காக நடந்துகொண்டே இருந்தார். எடை ஏறத்தாழ 18 கிலோ குறைந்தது. வேறு மருத்துவமனைக்கு மாற்றி மருந்து கொடுத்ததும் மூன்று மாதத்தில் தேறி வீடு திரும்பினார். 1982-இல் அவர் தொடுத்த வழக்கு தீர்ப்பின்றிச் சமரசத்தில் முடிந்தது. ஆனாலும் மருந்தின் பக்கம் நின்றவர்கள் அதைத் தீர்ப்பைப் போலவே எடுத்துக்காட்டினார்கள்.

மருந்து பலித்ததாலேயே, அது பலிப்பதற்குச் சொல்லப்படும் காரணமும் உண்மையாகிவிடாது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்றான இப்ரோனியாசிட், காசநோய்க்காகச் சோதிக்கப்பட்டது. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் அதைச் சாப்பிட்ட காசநோயாளிகள் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு நடமாடினார்கள். இத்தகைய மருந்துகள் மூளையின் வேதிப்பொருட்களில் செய்த மாற்றத்திலிருந்தே, செரட்டோனின் போன்றவை குறைவதுதான் நோய்க்குக் காரணம் என்ற கோட்பாடு பின்னர் ஊகிக்கப்பட்டது. (நோயாளியிடம் விளக்கும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.) உங்கள் தங்கைக்கும் செரட்டோனினை யாரும் அளந்திருக்க மாட்டார்கள், அப்படி அளந்து மனச்சோர்வைக் கண்டறியும் பரிசோதனை நடைமுறையில் இல்லை.

ஆலோசகரின் பக்கத்துக்கும் வலுவான ஆதாரம் உண்டு. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றி ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, பெருந்துன்பம் நேர்ந்தபோது மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத பெண்களே அதிகம் நோயுற்றதைக் காட்டியது. ஆனால் நோய் ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி, எதனால் தணியும் என்பது வேறொரு கேள்வி. அப்பாவின் மீதான கசப்பிலிருந்தே நோய் முளைத்திருந்தாலும், மாத்திரை பலிக்காது என்ற முடிவு அதிலிருந்து கிடைப்பதில்லை. மருத்துவர் செய்வதும் இதே பிழைதான், எதிர்த்திசையில்: மருந்து பலிப்பதை வைத்து நோயின் காரணத்தை முடிவுசெய்கிறார்.

தங்கை எத்தனை வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் அவர் அதை நிறுத்த வேண்டாம். ஆலோசகரிடம் போவதையும் நிறுத்த வேண்டாம்.